ஆளில்லாத படங்கள் எடுத்த லாசரஸ்

லாசரஸ் எடுக்கும் படங்களில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவன் தெருக்காரர்களுக்கு அவன்மேல் இருந்த ஒரே குறை அதுதான். ஒரு ஃபிலிம் ரோலைப் போட்டால் ஒரு ஞானஸ்நானம், ஒரு கல்யாணம், வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு ஒரு பயணம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிட வேண்டும் என்று ஜனங்கள் பார்த்துப் பார்த்துச் செலவழித்த காலம் அது. இவனோ ஒரு முழு ரோலையும் ஏரிக்கும் பாறைக்கும் பனைமரத்துக்கும் கொடுத்துவிட்டு வருவான்.

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் படம் கழுவுவது அவன் வேலை. நாள் முழுக்க மற்றவர்களுடைய விலா எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன் ஞாயிற்றுக்கிழமையானால் பூசை முடிந்த கையோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவான். மாடம்பாக்கம் ஏரிக்கரை, சில நாள் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும்கூட.

அந்தப் படங்களைப் பொறுமையாகப் பார்க்க ஒருத்திதான் இருந்தாள். அவனுடைய அக்கா ஞானம்மாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் தப்புத் தையலையும் விட்டுப்போன பொத்தானையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவாள். தம்பியின் படங்களையும் அதே கண்ணோடுதான் பார்ப்பாள்.

"இதுல தண்ணி ஒரு பக்கமா சாயுதுடா."

"தண்ணி எங்கயாவது சாயுமா அக்கா? நான்தான் சாஞ்சு நின்னுட்டேன்."

"அப்ப அடுத்த தபா நேரா நில்லு."

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஊர் ஜனம் நின்று பார்க்கிற ஓர் இடத்தில், ஒரே ஒரு தடவையாவது, தம்பியின் படம் ஒன்று மாட்டியிருக்க வேண்டும். எண்பத்தெட்டாம் வருஷத்துக் கிறிஸ்துமஸில் அதற்கு வழி பிறந்தது. அவர்கள் சின்னக் கோவிலில் பாலன் பிறப்புக் குடில் ஜோடிக்கும்போது பின்னால் ஒரு திரையைக் கட்டுவார்கள். நீல வானமும் மலையும் வரைந்த பழைய திரை. அந்த வருஷம் பெட்டியைத் திறந்தபோது மலையை எலி தின்றிருந்தது.

குடில் வேலைக்கெல்லாம் பெரியவர் யேசுதாசன். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞானம்மாள் அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, பின்னாடி வைக்க லாசரு ஒரு படம் போட்டுத் தரட்டுமா? ஏரி, பனமரம், அதுக்குப் பின்னாடி குன்னு. அப்படியே பெத்லகேம் மாதிரி இருக்கும்."

"பெத்லகேம்ல பனமரம் கீதா?"

"ஏதோ ஒரு பன இருக்கும்ணே. கையில ஓலையைப் புடிச்சிகினுதானே குருத்தோலை ஞாயிறு கும்பிடறோம்?"

யேசுதாசன் யோசித்தார். புதுத் திரை வரையக் காசும் இல்லை, நாளும் இல்லை. "சரி, செய்யச் சொல்லு" என்றார்.

தாம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ராஜகோபாலன் தன் இருட்டறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை லாசரஸுக்கு விட்டுக்கொடுத்தார். படத்தைப் பெரிதாக்கும் கருவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பெரிய தாள்களாகப் பிரித்துப் பிரித்துப் படம் போட்டான். ஞானம்மாள் ஓரம் வெட்டி, கோடு தெரியாமல் இணைத்தாள். சுருட்டிக் கொண்டுபோய்க் கோவில் தரையில் விரித்தார்கள்.

யேசுதாசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டு, மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இன்னா லாசரு இது? ரவையைக் கொட்டி வெச்ச மாதிரி கீது. பனமரம் எது, பாறை எது, ஒரு எழவும் தெரியலியே."

பொய் இல்லை. நகத்தளவு நெகட்டிவைச் சுவரளவுக்கு இழுத்ததில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. லாசரஸ் அதைத் திரும்பச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

ராஜகோபாலனுக்கு விஷயம் தெரிந்ததும், "அந்தக் கேமராவோட நெகட்டிவ் அவ்வளவுதாம்ப்பா தாங்கும். என்னோடதை எடுத்துட்டுப் போ" என்று தம்முடைய பெரிய கேமராவைக் கொடுத்தார். மேலேயிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற பெட்டிக் கேமரா. அதன் நெகட்டிவ் ஒரு பிஸ்கட் அகலம் இருக்கும்.

லாசரஸ் விடியும்போதே மாடம்பாக்கம் போய், அதே கரையில் அதே இடத்தில் நின்று எடுத்துவந்தான். இந்தத் தடவை படம் கண்ணாடி மாதிரி வந்தது. பனை ஓலைகளை எண்ணலாம். பாறை வெடிப்பில் முளைத்த புல்கூடத் தெரிந்தது. லாசரஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "பார்த்தியா அக்கா, இதான் கேமரா. நான் வெச்சிருக்கறது விளையாட்டுச் சாமான்" என்றான். யேசுதாசன் அவன் தோளைத் தட்டினார். ஒட்டுப்பலகையில் அறைந்து, குடிலுக்குப் பின்னால் நிறுத்தியாகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை. சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து குடிலை மந்திரித்து ஆசீர்வதிக்க வேண்டும். படத்தில் எங்காவது உப்பியிருக்கிறதா என்று ஞானம்மாள் விரலால் தடவி அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாட்டுக் கொட்டகையின் கூரைக்குச் சற்று மேலே வந்ததும் விரல் நின்றுவிட்டது.

அக்கரைப் புதரோரம் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். லுங்கி மேலே ஏறியிருந்தது. பக்கத்தில் ஒரு தகர டப்பா.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி யேசுதாசனைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் கோவிலைப் பெருக்க வந்தவர்கள், தோரணம் கட்ட வந்தவர்கள் என்று எல்லோரும் அந்த இடத்தில் குனிந்து நின்றார்கள். பாட்டுக் குழுவில் தபேலா வாசிக்கும் தாவீதின் மனைவி அமலராணிதான் முதலில் வாய் திறந்தாள்.

"தே, இங்க வாய்யா. இது நீதானே?"

"அடப் போம்மா. ஊர்ல கோடு போட்ட சட்டை எனக்கு மட்டும்தான் கீதா?"

"கோடு போட்ட சட்டை எல்லாருக்கும் கீது. முதுகுல என் பொடவைத் துணியில ஒட்டுப் போட்ட சட்டை உனக்கு மட்டும்தான் கீது."

ஒட்டும் தெரிந்தது. ஒட்டில் இருந்த பூவும் தெரிந்தது.

யேசுதாசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாலன் பொறக்கற எடத்துலயா குந்துவ? பேஜார் புடிச்சவனே!"

"நான் இன்னா பெத்லகேம்லயா குந்தினேன்? மாடம்பாக்கத்துல குந்தினேன். இவன் கொண்டாந்து இங்க வெச்சா நான் இன்னா பண்றது?"

மண் ஒட்டகத்தைப் படத்திலிருந்த அவருக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். தாவீதின் தலை மட்டும் மேலே தெரிந்து, அவர் ஒட்டகத்தின்மேல் ஏறி வருவதுபோல் ஆயிற்று. வைக்கோலைச் செருகினார்கள், சரிந்து விழுந்தது. லாசரஸ் முகம் செத்துப்போய் ஓரமாக நின்றான். இனி ஏரியும் வேண்டாம், படமும் வேண்டாம், நீலத் துணி ஒன்றைக் கட்டிவிடலாம் என்று யேசுதாசன் சொல்லிவிட்டார்.

ஞானம்மாளுக்கு மனசு ஆறவில்லை. கைக்கு எட்டியது இப்படிப் போவதா? நாலடி பின்னால் போய் நின்று பார்த்தாள். பிறகு, "அண்ணே, கொஞ்சம் இருங்க. வூட்ல முதல்ல போட்ட படம் இருக்கு" என்றாள்.

லாசரஸ் பதறினான். "வேணாம் அக்கா. அது கலங்கின படம். அதை வெச்சா எனக்குத்தான் அசிங்கம்."

"சும்மா இருடா. கம்பெனியில நான் சட்டையை மேஜையில விரிச்சுப் பாக்கற மாதிரியா சாமியாரு பாக்கப் போறாரு?"

ஓடிப்போய் எடுத்துவந்து, குண்டூசியால் பெரிய கேமராப் படத்தின்மேல் குத்திவிட்டாள். குடிலில் பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க எப்போதும் ஒரு கயிறு கட்டுவார்கள். அதற்கு இந்தப் பக்கம்தான் ஜனம் நிற்கும். அவள் யேசுதாசனைக் கையோடு அழைத்துவந்து கயிற்றுக்கு வெளியே நிறுத்தினாள்.

"இப்ப பாருங்கண்ணே. கண்ணாடியைக் கழட்டாதீங்க."

யேசுதாசன் பார்த்தார். ரவை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து ஏரியின்மேல் பனிமூட்டமாக நின்றன. பனைமரங்கள் தூரத்துக்குப் போய்விட்டன. முன்னால் நின்ற மண் பொம்மைகளும் அந்த வெளிச்சத்துக்குள் நடந்து வந்தவை மாதிரி இருந்தன. பெரிய கேமராப் படத்தின் தெளிவுக்கு முன்னால் அவை வெறும் பொம்மைகளாகத்தான் தெரிந்தன.

"தண்ணி ஈரமா கீதுப்பா" என்றார் யேசுதாசன்.

தாவீதும் கயிற்றுக்கு வெளியே வந்து உற்றுப் பார்த்தார். "இதுல நான் இல்லியே?"

"இருந்தாலும் நீ ஒரு ரவைதான். போ" என்றாள் அமலராணி.

லாசரஸ் கடைசியாக வந்தான். இருட்டறையிலும் கோவில் தரையிலும் அவன் அந்தப் படத்தைக் குனிந்தே பார்த்திருந்தான். இவ்வளவு தள்ளி நின்று பார்த்ததில்லை. ஓர் அடி முன்னால் போனான், திரும்பி வந்தான். பிறகு குண்டூசிகளை எடுத்துவிட்டு, தானே சுத்தியலைத் தேடி எடுத்து, படத்தை ஒழுங்காக அறைந்தான்.

மறுநாள் காலைப் பூசைக்குப் பிறகு, பக்கத்துக் காலனியிலிருந்து குடில் பார்க்க வந்த கூட்டத்தில் காமு என்ற அம்மாளும் அவள் வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவனும் இருந்தார்கள். அவருக்கு அரசாங்க ஆபீசில் வேலை. அந்த அம்மாள் பொம்மைகளைப் பார்த்துவிட்டுப் படத்தில் நிலைத்துவிட்டாள்.

"எந்த ஊர் சீனரி இது? ரொம்ப அழகா இருக்கே."

"மாடம்பாக்கம் ஏரிம்மா. என் தம்பி எடுத்தது. இதோ நிக்கறானே, இவன்தான்" என்று ஞானம்மாள் லாசரஸை முன்னால் தள்ளினாள்.

"மாடம்பாக்கமா! டெய்லி ஸ்கூட்டர்ல அந்த வழியாத்தானே வரேன்" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லையேப்பா."

"காலையில வெயில் ஏர்றதுக்குள்ள வந்து பாருங்க சார்."

"வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க சார்" என்றார் பின்னாலிருந்து தாவீது.

லாசரஸ் தொண்ணூற்றிரண்டில் ராஜகோபாலனிடமிருந்தே அந்தப் பெரிய கேமராவை வாங்கிக்கொண்டான். கையில் வைத்துப் பார்க்கிற படங்களை அதில் எடுப்பான்; அவற்றில் ஓலையை எண்ணலாம். சின்னதையும் விடவில்லை. எந்தக் கேமரா நல்லது என்று யாராவது கேட்டால், "படத்தை எங்க மாட்டப்போறீங்க?" என்று திருப்பிக் கேட்பான். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரில் அவன் எடுத்த குன்று ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. அதிலும் ஆள் கிடையாது. யாரும் குறை சொன்னதில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வந்த பொங்கல் வாரத்தில் காமு தன் வீட்டு ஹாலுக்கு அதே ஏரியைப் பெரிதாகக் கேட்டாள். அளவு எடுக்க ஞானம்மாள் கம்பெனி டேப்போடு தானே போனாள். சோபாவின் முதுகில் டேப்பின் ஒரு முனையைக் காமுவின் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சுவரை நோக்கி நடந்தாள்.

"சுவரோட அகலத்தை அளக்க வேண்டாமா?" என்று காமு கேட்டாள்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல நீங்க எங்க உக்காந்து பாப்பீங்கன்னு தெரியணும்" என்றாள் ஞானம்மாள்.