என் பை பார்த்த ஒன்பது கோயில்கள்

என் அப்பா எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் விசாரிப்பது, அங்கிருந்து அரியலூருக்குத் திரும்பக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைத்தான். வேன் அமர்த்திப் போன ஊர்களிலும் விசாரிப்பார். வேன் பழுதாகி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது அவர் தரப்பு. ஆறு வயதிலிருந்து நான் தரிசித்த தெய்வங்கள் எல்லாம் கடைசிப் பேருந்தின் நேரத்தோடு சேர்ந்தே என் நினைவில் நிற்கின்றன.

அம்மாவின் பயணப் பழக்கம் வேறு வகை. ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு, பொடி தடவிய இட்லி, இரண்டு கேன் வீட்டுத் தண்ணீர். வெளியூர்த் தண்ணீரை அவர் நம்புவதில்லை. காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு அரியலூர் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைக் குடித்த குடும்பம் எங்களுடையது.

ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு வேன், ஒரே நாள், முடிந்தவரை அதிகக் கோயில்கள். இதில் ஒரு விதி உண்டு: குடும்பத்தில் ஓர் ஆள் குறைந்தாலும் பலன் பாதிதான். இந்த விதியை இயற்றியவர் அப்பா. அதனால் காய்ச்சலோடும் போயிருக்கிறேன், தேர்வுக்கு முந்தைய நாளும் போயிருக்கிறேன்.

என் விருப்பங்கள் எளியவை. பேருந்தில் இடப்புறம், சக்கரத்துக்கு முந்தைய ஜன்னலோர இருக்கை. போகும் இடம் ஒன்றே ஒன்று. அங்கே போய்ச் சும்மா உட்கார வேண்டும். யாரும் என்னிடம் "பாத்தாச்சா? கெளம்பலாமா?" என்று கேட்கக் கூடாது. பெரம்பலூரில் முதுகலை இலக்கியம் படிக்கும் நான், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஒரு மணி நேரம் ஊர்ந்து கல்லூரிக்குப் போகிறவள். சாலையோரப் புளியமரங்கள் பச்சை என்பதை மழை பெய்தால்தான் நம்ப முடியும். விடுமுறையிலாவது தூசி படியாத எதையாவது பார்க்க விரும்பினேன். கடலின் மீது தூசி படியாது என்று கணக்கிட்டேன்.

தரங்கம்பாடிக்குத் தனியாகப் போய், பக்கத்து ஊரில் இருக்கும் தோழியின் வீட்டில் ஓர் இரவு தங்கித் திரும்ப வேண்டும் என்பது என் கோரிக்கை. மூன்று விடுமுறைகளாகக் கேட்டேன். மூன்றாவது முறை அப்பா இறங்கிவந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"சனிக்கெழம போயிட்டு ஞாயித்துக்கெழம வந்துடணும். எதாவது தடங்கல் ஆச்சுன்னா அதோட சரி. அடுத்த வாரமே வேன் சொல்லிடுவேன். தனியாப் போறங்கிற பேச்ச அப்பறம் எடுக்கவே கூடாது."

சனிக்கிழமை கிழக்கே சூலம். சூலம் என்பது, இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் பயணம் ஆகாது என்று பஞ்சாங்கம் போட்டிருக்கும் தடை. தரங்கம்பாடியோ அரியலூருக்கு நேர் கிழக்கே இருக்கிறது. கடல் வேறு திசையில் இருக்க வாய்ப்பில்லை.

"தயிர் சாப்பிட்டுட்டுக் கெளம்புனா சூலம் ஒன்னும் செய்யாதாம். நாள்காட்டியிலயே போட்டிருக்கு," என்றேன்.

"அதெல்லாம் ஊரோட போறவங்களுக்கு. தனியாப் போற பொண்ணுக்குத் தயிர் பத்தாது," என்றார் அம்மா.

அதற்கும் எங்கள் வீட்டில் வழி இருந்தது. புறப்பட வேண்டிய நாள் சரியில்லை என்றால், முந்தைய நாள் நல்ல நேரத்தில் பயணப் பையை மட்டும் வெளியே அனுப்பிவிடலாம். போகும் திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் அதை வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ஆள் எந்த நேரத்தில் போனாலும், ஏற்கெனவே தொடங்கிய பயணத்தைத் தொடர்பவர்தான். பஞ்சாங்கத்தில் இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். தெய்வத்தை ஏமாற்ற இவ்வளவு நேர்த்தியான சட்ட நுணுக்கத்தை வேறெங்கும் நான் படித்ததில்லை.

பையை அடுக்கப் பட்டியல் ஒன்று எழுதியிருந்தேன். ஒரு நாவல், அது பிடிக்காமல் போனால் மாற்றாக இன்னொரு நாவல், பென்சில், பென்சில் சீவி, துண்டு, இரண்டு சுடிதார், தலைவலித் தைலம், மடக்குக் குடை. எடுத்து வைத்த ஒவ்வொன்றின் எதிரிலும் குறியிட்டேன். பட்டியலை மடித்து மேல் அறையில் செருகினேன். சூலத்தைப் பார்த்துச் சிரித்த நான், அந்தப் பட்டியல் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டேன் என்பதை இங்கே சொல்லிவிடுவது நேர்மை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு அம்மா பையை எடுத்துக்கொண்டு கிழக்கு வீட்டுக்குப் போனார். அங்கே இருக்கும் அக்காவும் எங்களைப் போலவே வேன் குடும்பம். அவர்களும் மறுநாள் கும்பகோணம் பக்கத்து நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதுக்கும் போகிறார்கள். காலை ஏழு மணிக்குத்தான் வேன். என் பேருந்து ஆறு மணிக்கு. ஐந்தரைக்கு வந்து பையை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. என் பயணத்தின் முதல் பன்னிரண்டு அடியை என் பை தனியாகக் கடந்தது. அக்கா அதைத் தன் வீட்டுக் கூடத்தில், கதவோரமாக வைத்தார்.

மறுநாள் ஐந்தரைக்குப் போனேன். கிழக்கு வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

அம்மா கைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுக்கு நடுவே அக்காவின் குரல் வந்தது.

"ஏழு மணின்னா குளிகையாம்க்கா. எங்க மாமியாரு ராத்திரி சொன்னாங்க. அதான் நாலரைக்கே கெளம்பிட்டோம். ஏன், என்ன விஷயம்?"

"என்ன விஷயமா? எம் பொண்ணு பை உங்க வூட்டுக்குள்ளதானே இருக்கு! சாவிய யாருகிட்ட குடுத்த?"

பாட்டு நின்றது. வேனுக்குள் ஏதோ தேடும் சத்தம்.

"அக்கா, ஊதாக் கலர் பையா?"

"ஆமா."

"அது இங்க இருக்குக்கா. கதவோரம் இருந்ததயெல்லாம் எங்க வூட்டுக்காரரு ஏத்திட்டாரு. எங்க நாத்தனாரு அதத்தான் தலைக்கு வச்சிப் படுத்திருக்காங்க."

"சரி, நீங்களும் கெழக்கதான போறீங்க. சூலத்துக்கு என்ன பண்ணுனீங்க?"

"தயிர் சாப்புட்டோம்க்கா. அது போதும்ல?"

அம்மா என்னைப் பார்க்காமல் இணைப்பைத் துண்டித்தார்.

அப்பா இதற்குள் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துவிட்டிருந்தார். "தடங்கல் ஆயிடுச்சு. நான் என்ன சொல்லியிருந்தேன்? வேன்காரர் நம்பர எடு," என்றார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை.

ஆறு மணிப் பேருந்து போயிற்று. ஏழரையும் போயிற்று. பொதுவாக நான் வீட்டில் வாதம் செய்கிறவள் அல்ல; எனக்குப் பதில்கள் மறுநாள்தான் தோன்றும். அன்று ஒன்பது மணிக்கே ஒன்று தோன்றியது. அடுத்த வாரமே அதே போன்ற ஒரு வேனில், சொந்தக்காரர்களின் முழங்கைகளுக்கு நடுவில் நான் இருப்பேன் என்ற எண்ணம் மூளைக்கு நல்லது செய்திருக்க வேண்டும்.

"அப்பா, பை போயிட்டா பயணம் தொடங்கிடுச்சுன்னுதானே கணக்கு?"

"ஆமா."

"தொடங்குன பயணத்த பாதியில நிறுத்தலாமா?"

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். நாள்காட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"நிறுத்தக் கூடாது," என்றார் அம்மா மெதுவாக. "எங்க சித்தப்பா ஒருத்தரு பைய வச்சிட்டுப் போகாம வுட்டாரு. மறு வாரமே மாடு செத்துப்போச்சு."

எங்களிடம் மாடு இல்லை. அதை நான் சுட்டிக்காட்டவில்லை.

"அப்ப அவ போய்த்தான் ஆவணும்," என்று அம்மா தீர்ப்பு வழங்கிவிட்டு உள்ளே ஓடினார். பழைய கைப்பை ஒன்றில் புளிச்சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் திணித்துக்கொண்டு வந்தார்.

அப்பா கையை உயர்த்தித் தடுத்தார். "இப்ப ராகு காலம். பத்தரை வரைக்கும் எந்தப் பையும் வூட்ட வுட்டு வெளிய போவக் கூடாது."

"அப்ப இவ எப்புடிப் போறது?"

"இவ நேத்தே கெளம்பிட்டா. இவளுக்கு ராகு காலம் கெடையாது. பைக்குத்தான் உண்டு."

அம்மா கைப்பையைத் திரும்பவும் உள்ளே கொண்டுபோனார். ஒன்பதரை மணிக்கு, கைபேசியும் கொஞ்சம் பணமும் மட்டும் கையில் இருக்க, என் வாழ்வின் முதல் தனிப் பயணம் புறப்பட்டது; அல்லது தொடர்ந்தது.

ஜெயங்கொண்டம் வரை நின்றேன். அங்கிருந்து இருக்கை கிடைத்தது: வலப்புறம், சக்கரத்தின் மேல், வெயில் பக்கம். படிக்கப் புத்தகம் இல்லை. மடியில் எதுவும் இல்லாதவளைப் பேருந்தில் எல்லோரும் பொது மேசையாகக் கருதுகிறார்கள். அணைக்கரை வரை ஓர் அம்மாவின் பூசணிக்காயும், மயிலாடுதுறை வரை யாரோ ஒருவரின் பேத்தியும் என் மடியில் பயணம் செய்தார்கள். பூசணிக்காய் அமைதியானது.

தரங்கம்பாடியில் இறங்கியபோது மணி மூன்று. கடல் தெரிந்தது. அதற்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. மூன்று விடுமுறைகள் போராடி வந்து சேர்ந்த நான், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைக்காரரிடம் கேட்டேன்:

"மயிலாடுதுறைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குங்க?"

"இப்பத்தானம்மா எறங்குன?" என்றார் அவர்.

வெட்கத்தோடு போய் மணலில் உட்கார்ந்தேன். முதல் அரை மணி நேரம் கடல் நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. அடுத்த அரை மணி நேரமும் அப்படியே இருந்ததுதான் சிக்கல். இப்படி உட்காரும்போது நாவலைத் திறந்து, இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து கடலைப் பார்ப்பதாகத் திட்டம். இப்போது நிமிர்ந்தபடியே இருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் யாரும் "பாத்தாச்சா? கெளம்பலாமா?" என்று கேட்கவில்லை. ஆறரை மணிக்குத் தோழி வந்து கூப்பிடும் வரை அங்கிருந்து அசையவில்லை. மூன்றரை மணி நேரத்தில் நான் செய்த ஒரே வேலை, செருப்பைக் கழற்றியதுதான். அத்தனை நிறைவாக வேறெந்த வேலையும் நான் செய்ததில்லை. அந்த இரவு தோழியின் நைட்டியில், எனக்குச் சொந்தமில்லாத தலையணையில், பட்டியல் எதுவும் இல்லாமல் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியபோது என் பை எனக்கு முன்பே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தது. கைப்பிடியில் விபூதி, முன்பக்கத்தில் குங்குமம், பக்கவாட்டு அறையில் யாரோ செருகிய எள் பொட்டலம். அதற்குள் இரண்டு நாவல்களும் பக்கம் திறக்கப்படாமல் கிடந்தன.

"எத்தனை கோயில் பாத்த?" என்றார் அப்பா.

"ஒன்னும் பாக்கல."

"உன் பை ஒம்போது பாத்திருக்கு. வரிசையில நிக்கும்போதுகூட எறக்காம தோள்லயே வச்சிருந்தாங்களாம்." அவர் குரலில் பெருமை இருந்தது. கைப்பிடி விபூதியைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு, "ஒனக்குப் பதிலா அது போயிருக்கு. அப்ப எங்களோட நீ வராம அது வந்தாலும் பலன் பாதியாயிடாது," என்றார்.

அவ்வளவு எளிதாகவா என்று நான் வியந்தேன். ஆனால் விதியை இயற்றியவர் அவர். திருத்துவதற்கும் அவருக்கே உரிமை.

அடுத்த விடுமுறைக்கு அப்பாவும் அம்மாவும் வேன் அமர்த்தினார்கள். நான் இன்னொரு கடற்கரைக்குக் கேட்டேன். அப்பா மறுக்கவில்லை. பையை அடுக்கி முந்தைய நாளே கொடுத்துவிடச் சொன்னார். வேனில் என் இடத்தில், இடப்புறம் ஜன்னலோரமாக, அதை உட்காரவைத்துக் கூட்டிப்போவதாக வாக்களித்தார். உள்ளே எதுவும் இல்லாமல் அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். ஏமாற்றக் கூடாது என்றார். அதனால் நாவல்களையும் குடையையும் அடுக்கி, பட்டியலில் குறியிட்டு, பையை அவர்களோடு அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.