நூலகத்தில் பிரித்தானிய வரலாறு

கணினி வேலை கிடைத்து மகன் லண்டனுக்குப் போன பிறகு, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழ்ந்த வென்ட்வேர்த்வில் வீட்டில் நான் தனியாக மிஞ்சினேன். கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் செய்த ஆய்வுகூட வேலையும் முடிந்திருந்தது. தொலைபேசியில் மகனிடம் "சாப்பிட்டியா" என்று கேட்ட பிறகு எனக்கு வேறு பேச்சு வராது. அதனால்தான் நூலகத்தில் பிரித்தானிய வரலாற்று வகுப்பு என்ற அறிவிப்பைக் கண்டதும் பெயர் கொடுத்தேன். அவன் இருக்கும் நாட்டைப் பற்றி எனக்கும் ஏதாவது தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதல் வகுப்பில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கற்களைப் படத்தில் காட்டினார்கள். அன்றே மகனிடம் கேட்டேன்.

"தம்பி, அந்தக் கல்லுகளைப் போய்ப் பாத்தனியோ?"

"ஜஸ்ட் ராக்ஸ், அம்மா. இங்க இருந்து தூரம். மீட்டிங் ஒண்டு இருக்கு, பிறகு கோல் எடுக்கிறன்."

வகுப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சோடி சோடியாக வந்த வெள்ளைக்காரர்கள். என் பக்கத்துக் கதிரை வெறுமையாகவே கிடந்தது. பேரரசைப் பற்றிய வகுப்பில், குடும்பக் கதை யாரிடமாவது உண்டா என்று ஆசிரியர் கேட்டார். எல்லோரும் மரியாதையாக என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் தகப்பனார் ஆங்கிலேயரின் ரயில்வேயில் கிளார்க்காக மலாயாவுக்குப் போனவர், லீவில் வீடு வந்தபோது அந்நியர் என்று பயந்து என் அப்பா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம் என்று சொன்னேன். ஆசிரியர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

இடைவேளையில் ஓர் ஆங்கிலேயப் பெண் இரண்டு கோப்பை தேநீரோடு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். என் வயதுதான் இருக்கும். அதன்பின் எல்லா வகுப்பிலும் அந்தக் கதிரை அவருடையது.

உலகப் போர்க்காலத்தில் எதிரியின் ரகசியச் செய்திகளின் குறியீட்டை உடைத்த இயந்திரங்களைப் பற்றிப் படித்த நாளில், வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "என் அம்மா அந்த இயந்திரங்களில்தான் வேலை செய்தார். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அம்மாவின் இறுதிச் சடங்குக்கு வந்த ஒரு தோழி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். போரைப் பற்றி நான் கேட்டால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவார். அவருக்கு என்னைப் பிடிக்காது என்றே நினைத்து வளர்ந்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசி வகுப்புக்கு எங்கள் சாப்பாடு கொண்டுவருவதாகச் சொன்னேன்.

மீன் ரோல்ஸ் செய்து கொண்டுபோனேன். அவர் வரவில்லை. தொலைபேசி எண் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. நூலகப் பெண்ணிடம் விசாரித்தேன். உறுப்பினர் விவரம் தரமுடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். சுகமாக இருக்கிறாரா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். ரோல்ஸை மற்றவர்கள் சாப்பிட்டுப் பாராட்டினார்கள்.

பிறகு சில வாரங்கள் அதே நேரத்தில் போய், பத்திரிகை வாசிப்பதுபோல் நூலகத்தில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் தானாகவே தொலைபேசி எடுத்தான். "ஹிஸ்ட்ரி கிளாஸ் எப்பிடிப் போகுது, அம்மா?"

"அது முடிஞ்சுது. உனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கோ?"

"ம், சொல்லுங்கோ."

அந்தப் பெண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இடையில் குறுக்கிடவில்லை.

"இஸ் ஷி ஓகே?" என்று கேட்டான்.

"தெரியாது, தம்பி," என்றேன்.