டிஸ்க்கும் "போட்டு வாறன்" சொல்ல வேண்டும்

கணினி திருத்துகிறவளிடம் ஒருவரும் சுகம் விசாரிக்க வருவதில்லை. பழுதாகிப்போன பிறகுதான் வருவார்கள். பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குக் கிட்ட கடை வைத்திருக்கிற என்னிடம் அதிகம் வருவது ஒரே முறைப்பாடு: நேற்று நிப்பாட்டும்போது நல்லாயிருந்த டிஸ்க் இன்று திறக்கவில்லை. மூடச் சொன்னாலும் மூடாமல் சுற்றிக்கொண்டே நிற்கும் கணினிக்கு முன்னால் பொறுமை இழந்த சக ஜீவன்களே, இது உங்களுக்காகத்தான். மெற்றில்டா என்ற பெண் கனடாவுக்குப் போவதா இல்லையா என்பதே ஒருமுறை அப்படியொரு டிஸ்க்கில் தொங்கியது. அதைச் சொல்ல முதல், எனக்குப் பாடம் தந்த இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

இடி முழங்கினால்

இணுவிலில் ரியூசன் நடத்தும் கணித வாத்தியாருக்கு வானம் இருண்டாலே பயம். கணினியை மூடச் சொல்லிவிட்டு, திரை கறுத்த கையோடு மெயின் சுவிச்சை இறக்கிவிடுவார். திரை கறுத்தாலும் உள்ளே டிஸ்க்கில் எழுத்து வேலை நடக்கும், அது முடிந்துதான் டிஸ்க் விடுபடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! கடைசியில், "சேர், எங்கடை வீடுகளிலை ஆரும் 'போட்டு வாறன்' எண்டு பயணம் சொல்லாமல் படலை தாண்டுறேல்லை. உதுக்கும் சொல்லிப்போட்டு வெளிக்கிடக் கொஞ்சம் நேரம் குடுங்கோ" என்றேன். வாத்தியார் சிரித்துவிட்டார். அடுத்த மழைக்கு டிஸ்க் பிழைத்தது. அவரே ஃபோன் எடுத்துச் சொன்னார்:

"பிள்ளை, டிஸ்க்கின்ரை லைற் அணையுமட்டும் பார்த்துக்கொண்டு நிண்டனான். மனிசி கேக்கிறா, இந்த இடிக்குள்ளை ஆரை வழியனுப்புறியள் எண்டு."

மூட மறுத்த கணினி

மயிலிட்டியில் ஒரு மீனவர் சங்கம். அங்கே கணினி மூடவே மூடாது. பார்த்துப் பார்த்துச் சலித்த செயலாளர் அண்ணை, பொத்தானை அமத்திப் பிடித்து அதன் மூச்சை நிறுத்துவார். மறுநாள் டிஸ்க் கோளாறு. நான் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பார்த்தேன். வாசல் கமராவின் பதிவு, வெளியே செருகியிருந்த டிஸ்க்கில் ஓயாமல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு வேலை டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கணினி எப்படி மூடும்? முதலில் கமராப் பதிவை நிறுத்துங்கள், பிறகு டிஸ்க்கை விடுவியுங்கள், கடைசியாகக் கணினி என்று ஒழுங்கு சொல்லிக்கொடுத்தேன். அண்ணை ஒரு பை நிறைய மீன் தந்து சொன்னார்:

"விளங்குது தங்கச்சி. மீன் இறக்கி முடிய முன்னம் வள்ளத்தைத் தள்ளினா, மீன் வள்ளத்திலைதானே கிடக்கும்."

கலியாணத்தில் ஒரு கூச்சல்

மெற்றில்டா எங்கள் ஊர்ப் பெண். கலியாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை கனடா திரும்பிவிட்டார். இவளை அங்கே கூப்பிடுகிற விசா அலுவலுக்குக் கலியாணப் படங்கள் வேண்டும், முக்கியமாகத் தேவாலயத்தில் கையெழுத்து வைக்கிற படங்கள். படம் எடுத்த ஜெயசீலன் அண்ணை, கமரா கார்ட்டிலிருந்து அவற்றை டிஸ்க்குக்கு மாற்றியிருக்கிறார். 'முடிந்தது' என்று திரை சொன்னது. ஆனால் மூடச் சொன்ன கணினி இழுத்தடித்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு ஓடிவிட்டார். திறக்காத அந்த டிஸ்க்கைத் துவாயில் சுற்றிக்கொண்டு மெற்றில்டா என் கடைக்கு வந்தாள். விருந்தினர் ஃபோனில் எடுத்த படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் யாரோ ஒரு மாமியின் கொண்டைதான் முன்னுக்கு நின்றது.

டிஸ்க்கைப் பிரதியெடுத்து, பிரதியைத் திருத்தினேன். அலங்காரம் வந்தது, கேக் வந்தது. கையெழுத்துப் படங்களுக்குப் பெயர் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. மெற்றில்டாவைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அப்போது மயிலிட்டி அண்ணையின் மீன் நினைவுக்கு வந்தது. டிஸ்க்கில் இறங்காத படம் கார்ட்டில்தானே கிடக்கும்! கார்ட்டில் இருந்ததை அழித்திருந்தாலும், மேலே புதுப்படம் எடுக்காதவரை மீட்டுவிடலாம். ஜெயசீலன் அண்ணைக்கு ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. அன்று எங்கள் ஊர் மண்டபத்தில் அவருக்குப் படமெடுக்க இன்னொரு கலியாணம்.

ஸ்கூட்டியில் பறந்தோம். நான் நிறுத்த முதலே மெற்றில்டா குதித்து உள்ளே ஓடினாள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார், ஜெயசீலன் அண்ணை கமராவைத் தூக்குகிறார். "ஐயோ, வேண்டாம், நிப்பாட்டுங்கோ!" என்று இவள் போட்ட கூச்சலில் மேளமே நின்றுவிட்டது. சபை முழுவதும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது. முதல் கார்ட் நிரம்பி, மெற்றில்டாவின் படங்கள் இருந்த கார்ட்டை அண்ணை அப்போதுதான் செருகியிருந்தார். ஒரு படமும் எடுக்கவில்லை. அதைக் கழற்றி எங்களிடம் தந்துவிட்டு வேறொன்றைப் போட்டார். வேர்த்து விறுவிறுத்துப்போன மாப்பிள்ளை, தாலியைக் கையில் வைத்தபடி கேட்டார்:

"தங்கச்சி, கார்ட்டுக்குத்தான் வந்தனீங்கள் எண்டு ஒருக்கா உரத்துச் சொல்லிப்போட்டுப் போங்கோ!"

வழியனுப்பல்

கையெழுத்துப் படங்கள் அத்தனையும் மீண்டன. விசாவும் வந்தது. பயணம் வெளிக்கிடுகிற அன்று மெற்றில்டா கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியாரின் கதையையும் மீன் கதையையும் அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மயிலிட்டி அண்ணையின் மீன் இல்லாவிட்டால் அந்தக் கார்ட் என் புத்திக்கு எட்டியே இராது. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. வாசலில் வான் ஹோர்ன் அடித்தும் அவள் அவசரப்படவில்லை:

"அக்கா, வீட்டிலை, கோயிலிலை, அயலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், நீங்கள்தான் மிச்சம். போட்டு வாறன். இனி நீங்கள் சுவிச்சை நிப்பாட்டலாம்."

கணினியைத் திருத்தலாம், பஸ்ஸுக்கு ஓடுகிற மனிதரைத் திருத்த முடியாது; ஆனால் அவர்கள் ஓடுவதால்தான் என் அடுப்பு எரிகிறது என்பதால், அவர்களுக்கும் ஒரு நன்றி.