மாலா பெயரில் ஒரு போத்தல் பனி

பக்கத்து வீட்டுத் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுச் சொட்டாக வாளியில் விழும் சத்தத்தில்தான் சின்ன வயதில் எனக்கு விழிப்பு வரும். கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில், திடலைப் பார்த்தபடி வெட்டவெளியில் நின்ற கடைசி வீடு என் வகுப்புத் தோழி மாலாவுடையது. அடுத்திருந்த எங்கள் வீட்டின் மேல் அப்பா நட்ட ரம்புத்தான் மரம் கவிந்திருந்ததால், எங்கள் கூரை மட்டும் காய்ந்தே கிடக்கும். "பனிகூட ஆள் பாத்துத்தான் பெய்யுது" என்று ஒருநாள் அழுதேன். "அப்போ போய் அவ வீட்டுலயே படுத்துக்கடி" என்றார் அம்மா.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் வாத்தியார், மறுநாள் எல்லாரும் பனித்தண்ணீர் கொண்டுவர வேண்டும், அதிகம் கொண்டுவருபவரின் போத்தல் பெயர் ஒட்டி அறிவியல் மூலையில் வைக்கப்படும் என்றார். வகுப்பில் வாய் திறக்கவே கூசும் எனக்கு, அந்த மூலையில் என் பெயரை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. மாலா பழைய கைலியைத் திடல் புல்லில் இழுத்துப் பிழிந்து விளையாடுவதைப் பலமுறை பார்த்திருந்தும், எல்லாரும் "பனி பெய்யுது" என்று சொல்வதை நம்பி, மழைக்கு வைப்பதுபோல் மரத்தடியில் ஒரு பேசினை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அதில் ஒரு சொட்டும் இல்லை. லயத்துப் பொதுப் பைப்படிக்கு ஓடிப்போய் ஒரு காலிக் கிச்சாப் சாஸ் போத்தலை நிரப்பிக்கொண்டேன்.

வகுப்பில் எல்லாப் போத்தலும் காலி. மாலாவுடையதும்தான். என்னுடையது மட்டும் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"நேத்து ராத்திரி நட்சத்திரம் ஒண்ணாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார் வாத்தியார். "பனி மேலேருந்து பெய்யறது இல்ல. வானம் தெளிஞ்ச ராத்திரியில நிலம் தன் சூட்டை மேலே விட்டுடும். குளுந்துபோன புல்லுல காத்துல இருக்கிற ஈரம் வந்து படியும். மேகம் மூடினா சூடு போகாது, காத்து பலமா அடிச்சாலும் படியாது. மரத்தடியிலயும் அப்படித்தான். அப்போ இது ஏது?"

"பைப்புல பெஞ்ச பனி சார்!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. சிரிக்காத மாலா எழுந்து நின்றாள். "நான் முந்தாநேத்து பிழிஞ்சது சார். அவகிட்ட குடுத்து வச்சேன்."

வாத்தியார் நம்பினாரோ, நம்பியதுபோல் விட்டுவிட்டாரோ, அந்தப் போத்தலில் மாலாவின் பெயரை எழுதி ஒட்டினார். ஆண்டு முழுவதும் என் பைப்புத் தண்ணீர் அவள் பெயரில் அங்கே நின்றது. என்னைக் காப்பாற்றியவள் மேல் எனக்கு முன்னைவிட எரிச்சல்தான் கூடியது.

இன்று அந்த லயம் இல்லை, ரம்புத்தான் மரமும் திடலும் இல்லை. வரிசையாகக் கல்வீடுகள் நிற்கின்றன. கோலா குபு பாருவில் இருக்கும் மாலா, போன வாரம் காலையில் தன் வீட்டுப் புல்தரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்: "இங்க பனி பெய்யுதுலா!" கூரை போட்ட என் வீட்டு முகப்பில் நின்ற காரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. "பெய்யாதுலா, படியும்" என்று எழுதி அழித்தேன். பிறகு, இத்தனை வருடம் சொல்லாததை எழுதினேன்: "அந்தப் போத்தல்ல இருந்தது பைப்புத் தண்ணி."

உடனே பதில் வந்தது. "தெரியும்லா. அன்னைக்குப் பைப்படியில உனக்குப் பின்னாடி வாளியோட நின்னது நான்தான்."

இதிலும் அவள்தான் முந்தி.