இரண்டு டேப், ஒரே கெட்டிமேளம்

அன்னக்கிளிக்குப் பக்கத்துக் கடைக்காரனாக இருப்பது ஒரு தண்டனை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் என்னுடைய எஸ்.டி.டி. பூத்தும் அவளுடைய வீடியோ மிக்சிங் கடையும் ஒரே அறைதான்; நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் அவள் ஒரு கல்யாணத்துக்குப் பாட்டுப் பொருத்தினால், இந்தப் பக்கம் எனக்கு அது மனப்பாடம் ஆகிவிடும். முழுப் பாட்டையும் போட்டாலாவது கேட்டுத் தொலைக்கலாம். பல்லவியின் முதல் அடியையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது சரியாக வயலின் எழும்ப வேண்டுமாம். நான் தடுப்பைத் தட்டினால், "இன்னாண்ணே, ரசனையே இல்லாத ஆளா கீறியே," என்பாள்.

பிள்ளைப்பாக்கத்துப் பெண். முதலில் ஒரு ஒயர் கம்பெனியில் லைனில் நின்றாள். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் "கை ஓடலையா?" என்று கேட்ட அன்றைக்கு, ஏப்ரனைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பிறகு வடபழனியில் மிக்சிங் கற்றுக்கொண்டு, கல்யாண வீடுகளுக்குக் கேமரா பிடிக்கும் தன் சித்தப்பா அப்பாவுவோடு சேர்ந்து இந்தக் கடையைப் போட்டாள்.

அவளுடைய கம்ப்யூட்டர் திரையில் பட்டை பட்டையாக ஓடும். மேல் பட்டையில் படம், கீழ்ப் பட்டையில் சத்தம். நினைத்தபடி வெட்டுவாள், நகர்த்துவாள், ஒட்டுவாள். இதயத்துக்குள் பெண்ணை வைப்பாள், தாமரைக்குள் மாப்பிள்ளையை வைப்பாள். அதையெல்லாம் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவள் பிடிவாதக்காரி. மற்ற கடைகளில் கல்யாணத்தின் சத்தம் மொத்தத்தையும் அழித்துவிட்டு, தாலி கட்டும் இடத்தில் கம்ப்யூட்டரில் இருக்கும் ஏதோ ஒரு கெட்டிமேளத்தைப் போட்டுவிடுவார்கள். இவள் அந்தந்தக் கல்யாணத்து மேளத்தைத்தான் வைப்பாள். "இரவல் மேளத்துக்குத் தாலி கட்டுவாங்களாண்ணே?" என்பாள்.

இரண்டாயிரத்து நாலில் தங்கமாரியின் கல்யாணம் அவளிடம் வந்தது. தங்கமாரி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் வாசம். அவளை ஷிப்டுக்கு ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர், வடக்குப்பட்டு சுபாஷ். தினமும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே காதல் முற்றிவிட்டது. ஊரில் உரக்கடை வைத்திருக்கும் அவளுடைய அப்பா கொம்பையா, "உன் கல்யாணத்துல என் நெழலு கூட விழாது," என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் பூத்திலிருந்து அவருக்குப் போன் போடுவாள். "ஹலோ, எய்யா," என்றதும் டொக்கென்று வைத்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிப் பார்த்தாள், அதற்கும் பதில் இல்லை. அந்த மனிதரின் குரலை நான் கேட்டதில்லை. ரிசீவர் வைக்கும் சத்தம் மட்டும் நன்றாகப் பழக்கம்.

குன்றத்தூர் முருகன் கோயிலில் கல்யாணம் முடிந்த மறுநாள், தங்கமாரி அன்னக்கிளியிடம் வந்து சொன்னாள்: "யக்கா, எங்கய்யாவுக்கு சி.டி. அனுப்பணும். அத வேணாம்னு சொல்ல மாட்டாக. தாலி கட்டுறத மட்டும் நல்லாப் போடுங்க. அதப் பாத்தா அவுக மனசு எளகிரும்."

அவள் போனதும் அன்னக்கிளி டேப்பைப் போட்டாள். சற்று நேரத்தில், "சித்தப்பா!" என்று ஒரு கத்தல். எனக்கு டெலிபோனே கை நழுவியது.

டேப்பில் மாலை மாற்றியது இருந்தது. மெட்டி போட்டது இருந்தது. நடுவில் கெட்டிமேளம் கொட்டும்போது தாலி கட்டிக்கொண்டிருந்தது வேறு ஒரு ஜோடி.

முகூர்த்த நாளில் அந்தக் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வரிசையாக ஜோடிகள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே மேளம். கூட்டம் தள்ளியதில் அப்பாவு ஒரு ஜோடி தள்ளிப் போய் நின்று, அக்கறையாகப் படம் பிடித்திருக்கிறார்.

"கேமரா ஓட்டைல பாத்தா கறுப்பு வெள்ளையாதாம்மா தெரியுது," என்றார் அப்பாவு பரிதாபமாக. "மாலையப் போட்டுக்கினு குனிஞ்சிட்டா எல்லா மாப்ளையும் ஒரே மாரிதான் கீறாங்க."

"அந்தப் பொண்ணு இத நம்பிக்கினு கீது சித்தப்பா," என்றாள் அன்னக்கிளி. அதற்குமேல் திட்டவில்லை. அவள் திட்டாமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன், எனக்கே கவலையாகிவிட்டது.

ஆனால் சும்மா இருக்கிற ஜாதியா அவள்? படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அந்த வேறு ஜோடியின் வீட்டார் வைத்த கேமராமேனும் எங்கேயாவது நின்றிருக்க வேண்டுமே. மூலையில் ஒருவர் தெரிந்தார். அவர் கேமரா அப்படியே தங்கமாரி பக்கம் திரும்பியிருந்தது. தோளில் தொங்கிய பையில் மாங்காட்டுக் கடைப் பெயரும் போன் நம்பரும். உடனே என் பூத்துக்கு ஓடிவந்து போன் போட்டாள். எடுத்தவர் அந்தக் கேமராமேனே, பேர் பரசுராமன். இவள் "குன்றத்தூர் கல்யாண டேப்பு" என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கேட்டார்: "எங்க மாப்ள உங்க டேப்ல கீறாராம்மா? நேத்துலேந்து கல்யாண வூட்டுக்காரங்க என்ன உயிரோட பொதைக்கிறாங்க!"

அன்றைக்கே அப்பாவு பைக்கில் போய், தன் டேப்பின் காப்பியைக் கொடுத்துவிட்டு அவர் டேப்பின் காப்பியை வாங்கிக்கொண்டு வந்தார்.

படம் கிடைத்துவிட்டது. ஆனால் பரசுராமன் டேப்பிலிருந்து தாலி கட்டும் துண்டை மட்டும் எடுத்து நடுவில் வைத்தால் மேளம் அந்த இடத்தில் துள்ளும், ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். அன்னக்கிளி இரண்டு டேப்பின் சத்தத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பட்டையில் வைத்தாள். முதலில் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்டது. கீழ்ப் பட்டையைக் கொஞ்சம் நகர்த்தினாள். மறுபடியும் ஓட்டினாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு அடியும் நெருங்கி நெருங்கி வந்து, ஒரு தடவை ஒரே அடியாக விழுந்தது. நானே கைதட்டிவிட்டேன்.

மறுநாள் தங்கமாரி பார்க்க வந்தாள். முடிக்கும் முன்னால் கல்யாண வீட்டார் வந்து பார்ப்பது வழக்கம். நானும் எட்டிப் பார்த்தேன். சுபாஷ் தாலி கட்டுகிறான், திரையின் வலது பக்கம் முழுக்க ரோஜா இதழாகக் கொட்டுகிறது.

"ஒரு பக்கம் மட்டும் ஏன்க்கா பூவு?"

"அத ஏம்மா கேக்கற, பின்னால எவனோ ஒரு பெருசு பீச்சாங்கையால அட்சதை போடுது. நல்ல காரியத்துல அது தெரியக் கூடாதுன்னுதான் பூவப் போட்டு மூடினேன். பூவுக்குத் தனிப் பட்டை, வோணாம்னா எடுத்துரலாம்," என்று சொல்லி, பூவை நீக்கிக் காட்டினாள்.

பரசுராமன் எதிர்ப்பக்கமாக நின்று எடுத்ததால் பின்வரிசை முழுக்கத் தெரிந்தது. யாரோ வீட்டுக் கல்யாணக் கூட்டத்துக்குள், கக்கத்தில் குடையோடு, ஒரு மனிதர் எட்டி எட்டிப் பார்த்து இடது கையால் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்.

தங்கமாரி திரையைத் தொட்டாள். "யக்கா, மூடிராதீக. அது எங்கய்யா."

அன்னக்கிளி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு பூப் பட்டையை அழித்தாள். மேளத்துக்கு அடியில் மெல்ல ஓடும்படி வைத்திருந்த பாட்டையும் அழித்தாள். மேளம் மட்டும் மிச்சம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

தங்கமாரி நேராக என் பூத்துக்கு வந்தாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. மறுமுனையில் எடுத்ததும், ஹலோ சொல்லாமல் ஒரே மூச்சில் கேட்டாள்: "எய்யா, கல்யாணத்துல யாராவது எடக்கையால அட்சதை போடுவாகளா?"

அடுத்து வரப்போகும் டொக்குக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. மீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. தடுப்புக்கு அந்தப் பக்கம் அன்னக்கிளி மேளத்தை நிறுத்திவிட்டிருந்தாள். தங்கமாரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அம்புட்டுத் தூரம் வந்துட்டு ஏன்யா சாப்பிடாமப் போனீக?" என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தாள்.