ஏர்வியூ நகரில் மூன்று மனை

சுப்பராயலு முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராகத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் போய் வந்தவர். சாலையோரப் பொட்டல் ஒவ்வொன்றும் எந்த வருடம் சென்ட் என்ன விலைக்குப் போனது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். “அப்பவே வாங்கிப் போட்டிருந்தா இன்னைக்கு நான் எங்கியோ போயிருப்பேன்” என்பது அவருடைய தினசரி பாராயணம். எங்கே போயிருப்பார் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய் ஏர்வியூ நகரில் மூன்று மனையாகப் போட்டார். பக்கத்திலேயே ஏர்போர்ட் வருகிறது என்று சொன்னவர் கோகுலகிருஷ்ணன். அந்த நகரைப் போட்டவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேன் வைத்து ஆட்களை அழைத்துப்போய், வெயிலில் மனைக்கல்லைக் காட்டி, பிரியாணி போட்டு அனுப்புவார்.

ஆறு வருடம் ஆயிற்று. ஏர்போர்ட்டாவது, மண்ணாங்கட்டியாவது! போர்டில் வரைந்த விமானமே வெளுத்து ஒற்றை இறக்கையோடு நிற்கிறது. மனையில் சீமைக்கருவேலம் ஆள் உயரம். சுப்பராயலுவின் மனைக்கல்லில் எவரோ தினமும் ஆடு கட்டுகிறார்கள். ஒரு மனையையாவது விற்றுக் கொடுங்கள் என்று கேட்டால் கோகுலகிருஷ்ணனிடம் ஒரே பதில்தான்: “வச்சிருங்க சார், ஏறும்.” அதைச் சுப்பராயலு ஜோசியர் வாக்கைப் போல வீட்டில் வந்து ஒப்பிப்பார்.

அவர் மனைவி காந்திமதிக்கு வானூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் உண்டு, அம்மா வழியில் வந்தது. கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நிற்கும். ஒரு போகம் மல்லாட்டை, ஒரு போகம் கேப்பை. மகள் அஸ்வினியை நர்ஸுக்குப் படிக்க வைத்தது அந்த நிலம்தான். சுப்பராயலுவுக்கு மட்டும் அது “சும்மா கெடக்கிற நெலம்”. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவருக்கு வேறென்ன தோன்றும்?

“ஏர்வியூ நகர்ல செகண்ட் ஃபேஸ் போடறாங்க காந்தி. உன் நெலத்தைக் குடுத்துட்டு பத்து மனையா எடுத்துடலாம். அப்புறம் நம்மளப் புடிக்க முடியாது.”

“இருக்கிற மூணுல ஆடு மேயுது. பத்துல மாடு மேயணுமாங்க?”

அவர் சாப்பிட மறுத்து இரண்டு நாள் வீட்டில் உண்ணாவிரதம் இருந்தார். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வேனில் போய்ச் சாப்பிட்ட பிரியாணியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்று மாதம் இப்படியே பேஜாரு பண்ணினால் எவள்தான் தாங்குவாள்? “எங்க கையெழுத்து போடணுமோ சொல்லுங்க, போட்டுத் தொலைக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வானூரில் பத்திரம் எழுதுகிறவர் கடை. வாங்குகிறவர் வெளியாள் இல்லை, சாட்சாத் கோகுலகிருஷ்ணனேதான். சுப்பராயலுவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. காந்திமதி பேனாவைக் கையில் எடுத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“இங்கயும் மனைதான் போடப் போறீங்களா தம்பி?”

“ச்சேச்சே! இது எனக்கும்மா. கிணத்துல தண்ணி சூப்பரா இருக்குது. பசங்க பேர்ல இருக்கட்டும், வெள்ளாமை பண்ணிக்கினு இருக்கலாம்னு.”

“உங்க நகர்ல உங்க பேர்ல எத்தினி மனை இருக்குது?”

டீ குடித்துக்கொண்டிருந்த உற்சாகத்தில் அவர் சிரித்தார். “எனக்கு எதுக்கும்மா அது? நம்ம காசை சோறு போடற எடத்துலதான போடணும்!”

பத்திரம் எழுதுகிறவர் தலையை நிமிர்த்தினார். கோகுலகிருஷ்ணனின் டீ பாதியில் நின்றது. காந்திமதி பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

“சரியா சொன்னீங்க தம்பி. சோறு போடறதை நான் ஏன் விக்கணும்?” என்று எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

சுப்பராயலு போகிறவளைப் பார்த்தார், கையெழுத்து விழாத பத்திரத்தைப் பார்த்தார். கடைசியில், சில்லறை வாங்க மறந்த பிரயாணியைப் போல, மெல்லக் கேட்டார்:

“கோகுல் சார்… அப்போ என் மூணு மனை?”

கோகுலகிருஷ்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே, பழக்க தோஷத்தில் சொன்னார்:

“வச்சிருங்க சார், ஏறும்.”