சீர்வரிசையில் வந்த பூனை

சித்தி நத்தத்திலிருந்து எங்கள் திண்டுக்கல் வீட்டுக்கு வந்தபோது பீரோ, கட்டில், மிக்ஸியோடு ஒயர் கூடையில் ஒரு வெள்ளைப் பூனையும் வந்தது. சீர்வரிசையில் பூனை கொண்டுவந்த ஒரே மணப்பெண் அவளாகத்தான் இருப்பாள். அம்மா இறந்த மறு வருடம் அது. எனக்கு எட்டு வயது.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே அம்மா வளர்த்த சாம்பல் பூனை இருந்தது. வெள்ளையைப் பார்த்துச் சீறிவிட்டு மொட்டைமாடிக்குப் போனது, சோற்றுக்கும் இறங்கவில்லை. அம்மாவின் பூனை வீட்டை விட்டே போய்விடுமோ என்று அப்பாவிடம் அழுதேன். அவர் சித்தியிடம், "பேசாம ஒம் பூனைய நத்தத்துலயே விட்டுட்டு வந்துருவமா?" என்றார்.

"கொஞ்ச நாள் பொறுங்க. இது அதோட வீடு. அது சரின்னதுக்கப்பறம் இத வெளிய விடுறேன்" என்றாள் சித்தி.

வெள்ளையைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். கருவாட்டுச் சோற்றை மாடிக்கே கொண்டுபோய்ச் சாம்பலுக்குத்தான் முதலில் வைப்பாள். அது மெல்ல இறங்கி வந்ததும், கதவுக்கு வெளியே அதன் தட்டு, உள்ளே வெள்ளையின் தட்டு என்றானது. வாசனை பழகட்டும் என்று வெள்ளையைத் துடைத்த துண்டைச் சாம்பலுக்கு விரித்தாள். சாம்பல் படுத்துறங்கும் அம்மாவின் பழைய சேலையை வெள்ளைக்குப் போடலாமா என்று என்னிடம் கேட்டாள். முடியாது என்று அதைச் சுருட்டி நெஞ்சோடு கட்டிக்கொண்டேன்.

"சரி தாயி, அது ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று போய்விட்டாள். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்பாவுக்கும் எனக்கும் பரிமாறிவிட்டு, சித்தி தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திச் சாப்பிடுவாள். பூனைக்குத் துணையாம். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் சாப்பிடும்போது கதவைத் திறந்துவிட்டாள். சாம்பல் நிமிர்ந்து பார்த்து ஒருமுறை உறுமியது. பிறகு தன் தட்டிலேயே குனிந்துகொண்டது. வெள்ளை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தின்றது. சித்தி மட்டும் தட்டோடு பின்னறை வாசற்படியிலேயே நின்றாள். பூனைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டேன்.

"சண்டை போடாது சித்தி. பயப்படாம இங்க வந்து சாப்பிடுங்க."

வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. கண்ணீர் வழிந்தது. அதுவரை நான் அவளைச் சித்தி என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. பூனைகளை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எண்ணி, "அதான் சண்டை போடலையே" என்று சமாதானம் சொன்னேன்.